24 இல்லை, 21

கடையில் வாங்கிவந்த தேசியக்கொடியின் சக்கரத்தில் ஆரக்கால்களை மூன்று தடவை எண்ணிவிட்டேன். 21தான். ஓர் ஆரக்காலின் நுனியில் உளுந்து ஒன்றை வைத்து, அங்கிருந்து விரல் வைத்து எண்ணினேன். அப்புறம் மகளை உட்கார வைத்து எண்ணச் சொன்னேன். அவளுக்கும் 21. அசோகச் சக்கரத்துக்கு 24 ஆரம் என்று நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிகிறது. அச்சடித்தவனுக்குத் தெரியவில்லை, மொத்தமாக வாங்கியவனுக்குத் தெரியவில்லை, விற்றவனுக்கோ தெரிந்துகொள்ளும் எண்ணமே இல்லை.

சக்கரம் வட்டமாகக்கூட இல்லை, கோழிமுட்டையைப் படுக்க வைத்த மாதிரி கிடக்கிறது. நடுவில் மை அப்பி, ஆரக்கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உறையில் 30க்கு 20 அங்குலம் என்று போட்டிருக்கிறது. டேப் வைத்தால் 27க்கு 20. நீளம் மூன்று பங்கு, உயரம் இரண்டு பங்கு. மேசையில் வைக்கும் சின்னக் கொடியிலிருந்து 6.3 மீட்டர் கொடி வரைக்கும் ஒரே விகிதம்தான். 2002 கொடி விதிகளில் எழுதியே இருக்கிறது. இதைத் தப்பாக வெட்ட எப்படித்தான் முடிகிறது?

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். கம்பு நுழைக்கிற மடிப்பில் ஒரு முனையைத் தைத்து மூடியிருப்பார்கள் இல்லையா, கொடி கீழே இறங்காமல் இருக்க? மூடிய முனை காவிப் பக்கம் வரவேண்டும். இதில் பச்சைப் பக்கம் மூடியிருக்கிறது. கம்பை நுழைத்தால் பச்சை மேலே, காவி கீழே! வேண்டுமென்றே காவி கீழே வரும்படி பறக்கவிடுவது குற்றம். 1971 தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி மூன்று வருஷம் வரை சிறை. விவரம் தெரியாமல் கட்டுகிற பெரியவர் என்ன செய்வார்?

கடைக்குத் திரும்பப் போனேன். "யாருக்கா இதையெல்லாம் எண்ணிப் பாப்பாங்க?" என்றான் கல்லாவில் இருந்த பையன். நான் எண்ணுவேன் தம்பி என்றேன். "கொடிக்கு ரிட்டர்ன் கிடையாதுக்கா. இன்னும் ரெண்டு நாள்ல எல்லாமே போயிடும்." அதாவது இதே அச்சில், இதே தையலில் உள்ள அத்தனையும் எங்கள் ஊர் மொட்டைமாடிகளுக்குப் போகப்போகிறது.

பாலியஸ்டர் என்பதற்காகக் கோபப்படவில்லை. 2021 டிசம்பரில் அதற்கு அனுமதி வந்துவிட்டது. எல்லோராலும் கதர்க்கொடி வாங்க முடியாது, சரி. ஆனால் அந்தத் துணியில் இருப்பது வெறும் சாயமா? காவி தன்னலம் துறப்பது, வெள்ளை உண்மையின் வழி, பச்சை நாம் காலூன்றி நிற்கிற மண்ணும் பயிரும், சக்கரம் நிற்காமல் நகர்கிற அறம் என்று, பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் விளக்கியிருக்கிறார். 1932 ஜனவரியில் திருப்பூரில் போலீஸ் அடித்து மண்டை உடைந்து விழுந்தபோதும் குமரன் கையிலிருந்த கொடியை விடவில்லை. 27 வயது. அந்த ஊர் இருக்கிற மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு யார் எண்ணுவார்கள் என்று கேட்கிறான் அந்தக் கடைப் பையன்!

வாங்குகிறவர்களையும் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு மாடியில் போன ஆகஸ்டில் கட்டிய கொடி இன்னும் இறங்கவில்லை. காவி வெளுத்துப் பழைய கைக்குட்டை நிறமாகிவிட்டது, ஓரம் நூல் நூலாகப் பிரிந்து ஆன்டெனாவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. வீட்டில் இரவும் பகலும் பறக்கலாம் என்று 2022-இல் அனுமதித்தார்கள். கிழிகிற வரைக்கும் விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. கிழிந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது. தனியிடத்தில் மரியாதையாக எரிக்கலாம். குப்பையில் போடக் கூடாது. இரண்டு முறை சொல்லிவிட்டேன். "பாக்கலாம்மா" என்கிறார் சார்.

ராத்திரி உட்கார்ந்து ஊசியால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். மடிப்பைச் சரி செய்துவிடலாம். மூன்று ஆரக்காலை எங்கிருந்து கொண்டுவருவேன்? காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, சக்கரம் மட்டும் மேலே தெரிகிற மாதிரி பக்கங்களை மடக்கி, அலமாரியில் வைத்துவிட்டேன். இந்த வருஷம் எங்கள் மாடியில் கொடி இல்லை.

அந்தக் கடைக்கு இரண்டாவது தடவை போய்வர ஆட்டோவுக்கு 160 ரூபாய். மீட்டர் போடச் சொன்னால், "மீட்டரா? அது ஓடாதும்மா" என்கிறார். எதுதான் ஒழுங்காக ஓடுகிறது இந்த ஊரில்?