ஊசி உடைந்ததை முதலில் யார் சொல்கிறார்கள்?

பனியன் கம்பெனியில் ஒரு லைன் சூப்பர்வைசர் தேறுவாரா மாட்டாரா என்று தெரிந்துகொள்ள புரொடக்‌ஷன் ரிப்போர்ட்டைப் புரட்ட வேண்டியதில்லை. அவருடைய லைனில் ஓர் ஊசி உடைந்தால் அந்தச் சேதி அவர் காதுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பாருங்கள், போதும்.

திருப்பூர் எக்ஸ்போர்ட் யூனிட்டுகளில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. ஊசி உடைந்ததும் மெஷினை நிறுத்த வேண்டும். எல்லாத் துண்டையும் தேடி எடுத்துச் சேர்த்து வைத்து, முழு ஊசியாகிறதா என்று பார்க்க வேண்டும். அதை ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, மெஷின் நம்பர், நேரம் எழுதிய பிறகுதான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினிலும் பக்கத்திலும் கிடக்கிற பீஸ் மொத்தத்தையும் ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். ஏற்றுமதியாவதில் குழந்தைகளுக்கான உடுப்பும் இருக்கும். கழுத்துப் பட்டிக்குள் ஊசிமுனை போய்விட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பீஸ் ரேட்டில் தைக்கிற டெய்லருக்கு இது அத்தனையும் கூலி இல்லாத நேரம். அதற்கு மேல் "இன்னிக்கு இது எத்தனாவது ஊசி?" என்று நாலு பேர் முன்னால் ஒரு தடவை கேட்டுவிட்டால் முடிந்தது. அடுத்த வாரம் அந்த அக்காவின் கைப்பையில் வெளியில் வாங்கிய ஊசி பாக்கெட் ஒன்று இருக்கும். ரெஜிஸ்டர் சுத்தமாக இருக்கும். ஆடிட்டுக்கு வருகிறவரும் பார்த்துவிட்டு சந்தோஷமாகப் போவார். ஊசியே உடையாத லைன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

உடைந்த ஊசிக்கு டெய்லரைக் கேட்பதற்கு முன் மெக்கானிக்கைக் கேளுங்கள். பின்னல் துணிக்கு முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசிதான் போட வேண்டும். கூர் ஊசி போட்டால் நூலிழை அறுந்து, தைக்கும்போது கண்ணுக்கே தெரியாத ஓட்டை முதல் துவைப்பில் வாயைப் பிளக்கும். துணியின் கனத்துக்கு ஊசி மெல்லியதாக இருந்தால், ஓரம் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் நாலு மடிப்பு சேருகிற இடத்தில் வளைந்து, அடியில் நூலைக் கோக்கும் லூப்பரில் இடித்து உடையும். அங்கே கைத் தவறைவிட ஊசி சைஸ்தான் பெரும்பாலும் காரணம்.

இதே பயம்தான் ஷேடு பிரச்சினைக்கும் (ரோலுக்கு ரோல் நிறம் சற்று மாறித் தெரிவது) மூலம். பண்டிலை, அதாவது வெட்டிவந்த துணிக் கட்டை, பிரிக்கும்போது டி-ஷர்ட்டின் ஒரு கைக்கான துணி குறைகிறது, அல்லது எண்ணெய்க் கறை பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிங்குக்குச் சொல்லி, அதே ரோலில் மாற்றுத் துணி வெட்டி வாங்க வேண்டும். அதைக் கேட்கப் போனால் சூப்பர்வைசர் முறைப்பார், கட்டிங் மாஸ்டர் அலுத்துக்கொள்வார். அதனால் அந்த டெய்லர் அடுத்த பண்டிலில் இருந்து ஒரு கையை உருவித் தைத்துவிடுவார். அடுத்த பண்டிலில் ஒன்று குறையும். அங்கேயும் அதுவே நடக்கும். டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாம் ஒரே கறுப்புதான். அயர்ன் மாஸ்டர் மேசையில் விரித்துப் போடும்போதுதான் ஒரு கை கொஞ்சம் பழுப்பாகத் தெரியும். அதற்குள் நூறு பீஸ் கலந்திருக்கும்.

தவறு தாமதமாக வெளிவந்தால் என்ன விலை என்பதையும் பார்ப்போம். 3,000 பீஸ் ஆர்டர். ஆர்டர் கொடுத்த பையரின் இன்ஸ்பெக்‌ஷன் வழக்கமான ஏ.க்யூ.எல். 2.5 (மாதிரி எடுத்துப் பார்த்து எத்தனை குறைபாடு வரை ஏற்கலாம் என்கிற அளவுகோல்) என்றால் 125 பீஸை உருவிப் பார்ப்பார்கள். பெரிய குறைபாடு 7 வரை இருந்தால் பாஸ். 8 வந்தால் லாட் ஃபெயில். பிறகு 3,000 பீஸையும் பெட்டி பிரித்து, பாலிபேக் கிழித்து, செக் செய்து, மறுபடி அயர்ன், மறுபடி பேக்கிங். மெஷினில் வைத்தே சொல்லியிருந்தால் ஒரு நிமிடம் பிரித்துத் தைக்கிற வேலை.

இப்போது டார்கெட்டுக்கு வருவோம். அதிகச் சத்தம் வருகிற இடம் இதுதான், கணக்கு குறைவாகப் போடப்படுகிற இடமும் இதுதான்.

சாதா ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டுக்கு 8 நிமிட வேலை என்று வையுங்கள். 30 பேர், 480 நிமிடம், 60 சதவீதத் திறன். பெருக்கி வகுத்தால் ஒரு நாளுக்கு 1,080, மணிக்கு 135. போர்டில் 135 என்று எழுதியாகிவிட்டது. கழுத்துக்கு ரிப் (இழுபடும் பட்டி) ஏற்றும் ஓவர்லாக்கில் ஒரே ஆள். பீஸுக்கு 30 விநாடி. மூச்சுவிடாமல் தைத்தாலே மணிக்கு 120தான். பண்டில் பிரித்து, கட்டி, நூல் மாற்றி, தண்ணீர் குடிக்கும் நேரம் போனால் 105. அந்த லைன் 135ஐத் தொடவே முடியாது. கடைசியில் பேட்லாக் மெஷினில் அடி ஓரம் மடிக்கிறவர் பீஸ் வராமல் கையைக் கட்டி உட்கார்ந்திருப்பார். சூப்பர்வைசர் நேரே போய் அவரைத்தான் திட்டுவார், சும்மா இருப்பது கண்ணில் படுவதால்.

குறைவது மணிக்கு 30 பீஸ். அது 15 நிமிட வேலை, பண்டில் கையாளும் நேரத்தோடு 20 நிமிடம் என்று வையுங்கள். சைடு அடிக்கிற ஓவர்லாக் அக்காவுக்குக் கையில் கொஞ்சம் நேரம் மிஞ்சுகிறது, அவருக்கு ரிப் ஏற்றவும் வரும் என்றால், மணிக்கு ஒரு பண்டிலை அவர் மெஷினுக்குக் கொண்டுபோய் வைத்தால் தீர்ந்தது. புது ஆள் வேண்டாம், கத்தவும் வேண்டாம். யாருக்கு எந்த ஆபரேஷன் வரும் என்று ஒரு பட்டியல் மட்டும் வேண்டும். பேர் ஒரு பக்கம், ஆபரேஷன் ஒரு பக்கம், நன்றாக வரும், சுமாராக வரும், வராது என்று மூன்று குறி. பல லைன்களில் இந்தப் பட்டியல் சூப்பர்வைசர் தலைக்குள்தான் இருக்கும். அவர் லீவு போட்ட அன்று லைனும் லீவுதான்.

ஸ்டாப் வாட்சைப் பிடிப்பதிலும் பக்குவம் உண்டு. ஒரு பீஸுக்கு நேரம் பார்த்தால் தப்பாகத்தான் வரும். பத்து பீஸ் பாருங்கள், முதலாவதை விட்டுவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் போய் நிற்காதீர்கள். எதற்குப் பார்க்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ரேட்டைக் குறைக்கப் போகிறார்கள் என்ற சந்தேகம் வந்துவிட்டால், உலகத்திலேயே மெதுவாகத் தைக்கப்படும் டி-ஷர்ட் உங்கள் கண் முன்னால்தான் இருக்கும். அதில் அவர்கள் மேல் குற்றமில்லை. எங்கோ ஒரு கம்பெனியில் நிஜமாகவே குறைத்திருப்பார்கள்.

மணிக்கணக்குப் போர்டில் நம்பரை மட்டும் எழுதுவது வீண் வேலை என்பது என் கட்சி. பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம் வேண்டும். அதில் டெய்லர் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும்: "நூல் அறுந்துட்டே இருக்கு", "கட்டிங் பீஸ் 10:20க்குத்தான் வந்துச்சு", "பழகின கைமடி வரல" (கைமடி என்றால் டெய்லரின் துணை ஆள்). இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் போய் ஏதாவது செய்ய முடியும். "ஆபரேட்டர் ஸ்லோ" என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. மதியம் மூன்று மணிக்கும் அதே காரணம் அதே கட்டத்தில் இருந்தால் அது டெய்லரின் குறை கிடையாது, மெக்கானிக்கையோ கட்டிங்கையோ இழுத்து வராத சூப்பர்வைசரின் குறை.

நன்றாகத் தைக்கிறவரை சூப்பர்வைசர் ஆக்குவது நம் ஊர் வழக்கம். தப்பில்லை. ஆனால் அவருக்குக் கை அரித்துக்கொண்டே இருக்கும். யாராவது திணறினால் "தள்ளுங்க நான் தைக்கிறேன்" என்று உட்கார்ந்துவிடுவார். அரை மணி நேரம் அந்த மெஷின் பறக்கும், மீதி 29 மெஷினை யாரும் பார்க்க மாட்டார்கள். திணறியவரும் எதையும் கற்றிருக்க மாட்டார். ஒரு பீஸ் தைத்துக் காட்டிவிட்டு எழுந்துவிட வேண்டும். அவரை மூன்று பீஸ் தைக்க வைத்து, ரிப்பை ஒரே சீராக இழுக்கிறாரா, தோள் தையலும் ரிப் இணைப்பும் சொன்ன இடத்தில் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து பார்ப்பதுதான் முக்கியம். பலர் விடுவதும் அதைத்தான். ஒடிசா, பீகார் பிள்ளைகள் இருக்கும் லைனில் இது இன்னும் அவசியம். "சமஜ் கயா?" (புரிந்ததா?) என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டலை நம்பாமல் பீஸை விரித்து அளவு டேப் வைத்துப் பாருங்கள்.

பீஸ் கணக்கில் தகராறு வந்தால் அன்று சாயங்காலமே நோட்டைப் பிரித்துத் தீர்த்துவிடுங்கள். சனிக்கிழமை சம்பளக் கவரோடு சேர்த்துப் பேசலாம் என்று விட்டால் திங்கட்கிழமை இரண்டு மெஷின் காலியாகக் கிடக்கும்.

கீழே இப்படியென்றால் மேலேயும் இதே வியாதிதான். புரொடக்‌ஷன் மேனேஜர் சூப்பர்வைசரிடம் "வியாழக்கிழமைக்குள்ள முடிஞ்சிருமா?" என்று கேட்பார். கேட்கிற தொனியிலேயே பதில் இருக்கும். "முடிஞ்சிரும் சார்." மெர்ச்சண்டைசரும் அதையே பையருக்கு மெயில் போடுவார். புதன்கிழமை ராத்திரிதான் 600 பீஸ் பாக்கி என்று தெரியும். தூத்துக்குடியில் கப்பல் காத்திருக்காது. தப்பினால் விமானத்தில் அனுப்பும் செலவு கம்பெனி தலையில். அந்த ஆர்டரின் லாபத்தோடு அடுத்ததன் லாபமும் அதில் போகலாம். திங்கட்கிழமையே தெரிந்திருந்தால் முடிந்ததை முதலில் அனுப்பப் பையரிடம் அனுமதி கேட்டிருக்கலாம், இன்னொரு லைனுக்கு 300 பீஸைப் பிரித்துக் கொடுத்திருக்கலாம்.

ஆம் என்றோ இல்லை என்றோ பதில் வரும்படி கேட்காதீர்கள். "தைக்க எத்தனை பாக்கி, செக்கிங்கில் எத்தனை, ஆல்டரில் (திருத்தித் தைக்க வேண்டியதில்) எத்தனை, எந்த ஆபரேஷனில் தேங்கி நிற்குது?" முதல் மூன்றும் எண்ணிக்கையாக, நாலாவது ஆபரேஷன் பெயராக வர வேண்டும். எண்ணிக்கை சரியாகச் சொல்லி, செய்தி மோசமாக இருக்கிறவரை அன்று மட்டுமாவது திட்டாமல் விடுங்கள்.