ஹவாய்க்குப் போய் ஒன்றும் பார்க்காத ஆட்கள்

சரி, சொல்லியே விடுகிறேன். குடும்பக் குழுவில் ஓடிக்கொண்டிருக்கும் கூத்தைப் பற்றி இங்கே எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் கனடா, லண்டன், சிட்னி என்று சிதறிக் கிடக்கும் எங்கள் குடும்பம் ஹவாயில் ஒன்றுகூடியதை நக்கலடிக்கும் அந்தக் குரல்பதிவு இப்போது குழுவுக்கு வெளியிலும் சுற்றுகிறது. அங்கே எடுத்து நான் போட்ட படத்துக்குக் கீழே வந்த கமெண்ட்டையும் நீங்கள் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். "ஹவாய் வரைக்கும் போய் ஒரு பார்க்கில குந்தியிருந்து சோறு தின்டவையாம். அதுக்குக் கனடாவில, ஸ்காபரோவில பார்க் இல்லையோ?" அதன் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். சிரித்தவர்களின் பெயர்களும் தெரியும் என்பதை மட்டும் நினைவூட்டி வைக்கிறேன்.

ஆமாம், குந்தியிருந்தோம். சோறு தின்றோம். காலை தொடங்கிப் பொழுதுபடும்வரை வேறொன்றும் செய்யவில்லை. அதற்காகத்தான் போனோம்.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில், வைலுவா ஆறு கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது லிட்கேட் பீச் பார்க். பெரிய பெரிய எரிமலைப் பாறைகளைக் கடலுக்குள் அடுக்கி, அலை உள்ளே வராத இரண்டு குளங்கள் கட்டியிருக்கிறார்கள். ஒன்று பெரியவர்களுக்கு, மற்றது சின்னப் பிள்ளைகளுக்கு. ஹவாய்க் கடல் படத்தில்தான் சாது, இறங்கினால் ஆளை இழுத்துப் போகும். எண்பதைத் தாண்டிய அம்மம்மாவும் இன்னும் பால்போத்தல் விடாத பூட்டப்பிள்ளையும் ஒரே கடல் தண்ணீரில் பயமில்லாமல் கால் வைக்க இப்படி ஒரு இடம்தான் தோது. அம்மம்மா சீலையை முழங்கால்வரை தூக்கிச் சொருகிக்கொண்டு, கையில் செருப்போடு, கணுக்கால் தண்ணீரில் நின்றா. மஞ்சளும் கறுப்புமாகச் சின்ன மீன்கள் காலைச் சுற்றின. "கொத்துதடா, கொத்துதடா" என்று கத்தினாவே தவிரக் காலை எடுக்கவில்லை. இதை நான் எந்த ஹெலிகொப்டரில் ஏறிப் பார்க்க?

"நா பாலி பார்க்கேல்லையோ? வைமேயா பள்ளத்தாக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு. நா பாலி என்பது கவாயின் செங்குத்தான மலைக்கரை, அதற்குச் சாலையே கிடையாது. நடக்க வேண்டும், அல்லது படகு, அல்லது ஹெலிகொப்டர். நடைபாதை தொடங்கும் ஹாஎனா பூங்காவுக்கு வெளியூர் ஆட்கள் முன்பதிவு இல்லாமல் போக முடியாது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு ஒரு நாளைக்கு 900 பேர் என்று கட்டுப்பாடு வைத்துவிட்டார்கள். முழங்கால் நோவோடு இரண்டு பெரியம்மாமார், சர்க்கரை வருத்தத்தோடு ஒரு மாமா, நித்திரை வந்தால் உலகத்தையே எழுப்புகிற குழந்தைகள். இந்தப் பட்டாளத்தைக் கூட்டிக்கொண்டு நா பாலியா? போக விரும்பிய இளசுகள் வேறொரு நாள் வைமேயாவுக்குப் போய் வந்தார்கள். நல்ல வடிவாம். சந்தோஷம்.

இன்னொரு விஷயம். ஹவாய்க்காரரே சனிக்கிழமையில் இதைத்தான் செய்கிறார்கள். விடியவே வந்து கூடாரம் அடித்து, ஐஸ் பெட்டி இறக்கி, அடுப்பு மூட்டி, கிழவிகளை நிழலில் கதிரை போட்டு இருத்திவிட்டு, இருட்டும்வரை இருந்து சாப்பிட்டுக் கதைத்துவிட்டுப் போகிறார்கள். எங்களுக்குப் பக்கத்துக் கூடாரத்தில் ஒரு குழந்தைக்கு முதலாவது பிறந்தநாள். அங்கே முதலாவது பிறந்தநாள் என்றால் கலியாணம் மாதிரித்தான். அந்த வீட்டுப் பெடியன் ஒருத்தன் ஒரு தட்டில் சோறும் பன்றியிறைச்சியும் கொண்டுவந்து அம்மம்மாவை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டு நீட்டினான். அங்கே பெரிய ஆட்கள் எல்லாருமே ஆன்ட்டிதான், அங்கிள்தான். அம்மம்மா சைவம். தட்டை வாங்கி மாமாவிடம் கொடுத்துவிட்டு, எங்கள் வடையில் ஒரு குவியலை அனுப்பி வைத்தா. அவர்களையும் போய்க் கேளுங்களேன், "பார்க்கில இருந்து சோறு தின்னவோ ஹவாயில பிறந்தனீங்கள்?" என்று.

சோறு சோறு என்று நக்கல் அடித்ததால் அதையும் சொல்கிறேன். சந்தையில் ஈரப்பலாக்காயை, அதுதான் சீமைப்பலாவை, கண்டதும் அம்மம்மா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஹவாயில் அது ஆதிகாலத்துச் சாப்பாடு, முற்றத்து மரம். கனடாவில் எப்போதாவது குளிர்ப்பெட்டியில் உறைந்து கிடப்பதைத்தான் நாங்கள் வாங்குகிறோம். வாடகை வீட்டுக் குசினியில் விடிய நாலு மணிக்கு எழும்பி, தேங்காய்ப்பால் விட்டு அதைக் கறியாக்கினா. கட்டுச்சம்பல் லண்டன் மாமியின் பொறுப்பு. அந்தக் கறியை ஒரு சேவல் வந்து கொத்தப் பார்த்தது தனிக்கதை. கவாய் முழுக்கக் கோழிதான். 1992இல் இனிகி சூறாவளி கூடுகளை உடைத்ததில் அவிழ்ந்தவைதான் இப்படிப் பெருகின என்கிறார்கள். பெரியப்பா குடையோடு காவலுக்கு இருந்தார், இருந்தபடியே குறட்டையும் விட்டார்.

"ஏன் கவாய்? வேற இடமே கிடைக்கேல்லையோ?" இதற்கும் பதில் இருக்கிறது. சிட்னிக்காரருக்கும் டொரொண்டோக்காரருக்கும் ஏறக்குறையப் பாதி வழி. லண்டன்காரருக்குத் தூரம்தான், அவர்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள். அப்புறம் ஆதீனம். யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறை யோகர் சுவாமிகளிடம் 1949இல் தீட்சை வாங்கிய அமெரிக்கர் 1970இல் அந்தத் தீவில் தொடங்கிய மடம். அங்கே 2023இல் குடமுழுக்கு நடந்த இறைவன் கோயிலின் கல் முழுக்கப் பெங்களூருக்குப் பக்கத்தில் உளியால் கையாலேயே செதுக்கியது. சின்னப் பிள்ளையாகக் கொழும்புத்துறைக்குப் போய் யோகர் சுவாமியிடம் ஏச்சு வாங்கியவ எங்கள் அம்மம்மா. அந்தக் கோயிலைப் பார்க்காமல் கண்ணை மூட மாட்டேன் என்று எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தா என்பது கமெண்ட் போட்டவருக்கு நன்றாகவே தெரியும்.

காசு விரயம் என்கிறீர்கள். எங்கள் காசு. அடுத்தது.

உல்லாசப் பயணிகளால் ஹவாய் மக்களுக்கு வாடகை ஏறுகிறது, போகாமல் இருப்பதே நல்லது என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அதில் நியாயம் இருக்கிறது. 2023 ஓகஸ்டில் மாவுயித் தீவின் லஹைனா நகரம் எரிந்த கையோடு அங்கே நீச்சலுக்குப் போனவர்களைப் பார்த்து எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் தம்பி, ஒரு மரத்தடியில் நாள் முழுக்க இருக்கிறவர்களால் வருகிற கரைச்சல் கொஞ்சம்தானே? சரி, அதை விடுவோம்.

எனக்கு நோவது வேறு இடத்தில். 1995 போர்க்கால இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டுச் சிதறிய பிறகு இந்தக் குடும்பம் ஒரே இடத்தில் ஒரு முழு நாள் இருந்ததே இல்லை. கலியாண வீட்டில் காண்போம், டீஜே சத்தத்தில் கதைக்க முடியாது, படம் எடுத்துவிட்டுப் பிரிவோம். செத்த வீட்டில் காண்போம், அதிலும் பாதிப் பேர் ஸூமில். சிட்னியில் வளர்ந்த என் மச்சாளோடு இத்தனை வயதுக்கு நான் மணித்தியாலக் கணக்கில் ஒன்றுமில்லாத கதை கதைத்தது அன்றைக்குத்தான். பழைய வீட்டு மாமரத்தை வெட்டித் தறித்தது யார் என்று பெரியம்மாவும் மாமாவும் சண்டை பிடித்தார்கள். பிள்ளைகள் மண்ணுக்குள் மாமாவின் காலைப் புதைத்தார்கள். இதற்கு அட்டவணை போட்டால் நடக்குமா? "பத்து மணிக்குப் படகு, ஒரு மணிக்கு அருவி" என்று ஓடினால் வான் வண்டியில் பக்கத்தில் இருக்கிறவரோடு பாத்ரூம் எங்கே என்பதைத் தவிர வேறென்ன கதைக்க முடியும்?

கமெண்ட் போட்டவருக்கும் அழைப்புப் போனது. லீவு இல்லை என்றார். அதே கிழமை மெக்சிகோவின் கான்கூனில் இருந்து படம் போட்டார், நான் அதற்கு லைக்கும் போட்டேன். அங்கே என்னென்ன பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, கவனியுங்கள். அம்மம்மாவுக்கு அன்றைக்கு அவருடைய இடம் வெறுமையாக இருந்தது தெரிந்தது. "அவன் வரேல்லையோ" என்று இரண்டு தரம் கேட்டா. குரல்பதிவை அவவுக்குப் போட்டுக் காட்ட வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். யாராவது காட்டினால் நடப்பது வேறு.

படத்தை எடுக்கச் சொல்லி உள்பெட்டியில் மூன்று பேர் தூது வந்துவிட்டார்கள். எடுக்க மாட்டேன். கமெண்டையும் அழிக்க மாட்டேன், இருக்கட்டும். ஈரப்பலாக்காய்க் கறி எப்படி வைத்தது என்று கேட்ட இரண்டு அக்காமாருக்கு மட்டும் நாளைக்கு எழுதுகிறேன்.