பழைய ஆங்கிலக் கிராம வீடுகளின் உத்தரங்கள் கப்பல் மரங்களா?

இங்கிலாந்தின் பழைய மரச்சட்ட வீடுகள் 1588-இல் இங்கிலாந்தைத் தாக்க வந்து சிதைந்த ஸ்பானியக் கடற்படையான அர்மாடாவின் கப்பல் மரங்களால் கட்டப்பட்டவை என்றும், வளைந்த உத்தரங்களும் வெற்றுத் துளைகளுமே அதற்குச் சான்று என்றும் பரவிவரும் செய்தி தவறானது.

கென்ட் பகுதியில் பவ் பீச் நீர்த்தேக்கத்துக்காக 1960-களின் இறுதியில் பிரிக்கப்பட்டு, சசெக்ஸிலுள்ள வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்தில் மீண்டும் எழுப்பப்பட்ட பேலீஃப் பண்ணை வீட்டின் நடுக்கூடம், 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அர்மாடாவைவிட ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு மூத்தது.

காய்ந்து இறுகிய ஓக் மரம் உளிக்கு எளிதில் இணங்காது என்பதால், தச்சர்கள் புதிதாக வெட்டிய ஈர மரத்தையே இழைத்தார்கள். அது கட்டடத்தில் நின்றபடியே உலர்ந்து முறுக்கிக்கொண்டது. தாங்குகட்டைகளுக்கோ இயல்பாகவே வளைந்து வளர்ந்த மரங்களைத் தேடித் தேர்ந்தார்கள். இது கைத்திறனின் அடையாளம். இதைக் கப்பலின் மிச்சம் என்று சொல்வது அந்தத் தச்சர்களுக்கு இழைக்கும் அநீதி. வெற்றுத் துளைகள் பெரும்பாலும் பின்னாளில் அகற்றப்பட்ட தடுப்புச் சுவர்களின் தடங்கள், அல்லது வேறொரு பழைய வீட்டு மரம் மறுபடி பயன்பட்டதன் தடங்கள். மரங்களில் காணப்படும் ரோமானிய எண்கள், பட்டறையில் பொருத்திப் பார்த்த சட்டங்களை மனையில் அதே வரிசையில் கோப்பதற்காகச் செதுக்கியவை.

கப்பல் மரத்தால் எழுந்த கட்டடம் இல்லாமலில்லை. ஹாம்ப்ஷயரின் விக்கம் ஊரிலுள்ள செசபீக் ஆலை, 1820-இல் அதே பெயர்கொண்ட அமெரிக்கப் போர்க்கப்பலின் மரங்களைக் கொண்டு கட்டப்பட்டது.