எட்ரஸ்கன் தங்கக் குருணை: ரகசியம் எப்போதோ வெளியே வந்துவிட்டது

“2,600 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கன்கள் என்ற பண்டைய மக்கள் நகையில் பதித்த தூள் போன்ற தங்க மணிகளை இன்றைய எந்திரத்தாலும் ஒட்ட முடியாது” என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு.

19ஆம் நூற்றாண்டில் ரோமின் காஸ்டெல்லானி குடும்பப் பொற்கொல்லர்கள் முயன்றும் அதே நேர்த்தி வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் 1933இல் ஆங்கிலேயரான லிட்டில்டேல் ஒரு வழி கண்டு காப்புரிமையே வாங்கிவிட்டார்.

தங்கத் துணுக்குகளைக் கரித்தூளில் புதைத்துச் சூடாக்கினால் தாமாகவே உருண்டு மணியாகும். அவற்றைச் செப்பு உப்பு கலந்த பசையால் நகையில் ஒட்டிக் காய்ச்ச வேண்டும். பசை கரியாகி, செப்பு உப்பைச் செம்பாக்கும். சுமார் 900 டிகிரி செல்சியஸில் அந்தச் செம்பு, தொடும் இடத்தில் மட்டும் தங்கத்தோடு கலந்து உருகிப் பிடித்துக்கொள்ளும். ஒட்டுவதற்கென்று தனிப் பற்றுப்பொடி வேண்டாம். அதனால்தான் மணிகளுக்கிடையே அவ்வளவு சுத்தம். எட்ரஸ்கன்களும் இதைப் போன்ற முறையையே கையாண்டிருக்க வேண்டும் என்பது பலரின் கருத்து. இன்றும் பொற்கொல்லர்கள் இப்படிச் செய்கிறார்கள், பொறுமை மட்டும் ஏராளமாக வேண்டும்.