‘மிஷா ஏரே’ இசை: மெட்டு யாருடையது?

“1959இல் வெளிவந்த ‘மிஷா ஏரே’ (‘நான் அயர்லாந்து’) என்னும் ஐரிஷ் ஆவணப்படத்தின் புகழ்பெற்ற மெட்டை இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடா புதிதாக இயற்றினார், ஐரிஷ் கவிஞர் பாட்ரிக் பியர்ஸின் கவிதைதான் அதன் பாடல் வரிகள்” என்று ஒரு செய்தி பகிரப்படுகிறது. இரண்டுமே தவறு.

அந்த மெட்டு ‘ரோஷீன் டுவ்’, அதாவது ‘சின்னக் கறுப்பு ரோஜா’ என்னும் பழைய ஐரிஷ் மொழிப் பாடலுடையது. காதலியைப் பாடுவதுபோல் அயர்லாந்தையே பாடுவதாகக் கொள்ளப்படும் இப்பாடலின் வரிகள், ஓ ரியாடா பிறப்பதற்குச் சரியாக நூறாண்டு முன்பே, 1831இல் ஜேம்ஸ் ஹார்டிமனின் தொகுப்பில் அச்சேறிவிட்டன. மரபுப்படி இதை ஒருவர் மட்டும், பக்கவாத்தியமின்றி, தாளக்கட்டுக்குள் அடங்காமல் சுர அசைவுகளோடு பாடுவார்.

ஓ ரியாடா செய்தது வேறு வகைப் பணி. என் கணிப்பில் அதுவும் சிறியதன்று. பாடகரின் குரலுக்குரிய அந்த மெட்டை அவர் ஹார்ன் என்னும் பித்தளைக் குழலிடம் ஒப்படைத்து, பின்னர் அயர்லாந்து வானொலியான ரேடியோ ஏரானின் சிம்பனி இசைக்குழு முழுவதையும் அதனுடன் எழச் செய்தார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஐரிஷ் எழுச்சிக் காலத்தின் பழைய படச்சுருள்களைக் கொண்டு இயக்குநர் ஜார்ஜ் மாரிசன் உருவாக்கிய அந்தப் படத்தில் ‘இசை: ஓ ரியாடா’ என்றிருப்பதே குழப்பத்துக்குக் காரணமாகலாம்.

பியர்ஸ் 1912இல் எழுதிய ‘மிஷா ஏரே’ தனிக் கவிதை. படம் அதன் தலைப்பைப் பகிர்கிறதே தவிர, அதன் வரிகள் இந்த மெட்டுக்குரியவை அல்ல.