ஃப்ளாஷை அணைச்சுட்டு எரர் காயினைக் காட்டுங்க

"அண்ணா, இது எரர் காயினா? எவ்ளோ போகும்?" கூடவே ஒரு படம். எரர் காயின்னா நாணயச்சாலையில தயாராகும்போதே பிழையாகிப்போன காசு. படத்துல இருக்கறது ஒரு வெள்ளை வட்டம். நடுவுல ஃப்ளாஷ், ஓரத்துல விரல், மேல போனோட நிழல். வருஷம்கூடப் படிக்க முடியல. இதை வெச்சு யார் என்ன பதில் சொல்றது? தினமும் இதே படம், இதே கேள்வி. பதில் சொல்லலைன்னா "விலையை மறைக்கறாங்க"ன்னு பழி வேற.

எரர் பெரும்பாலும் உலோகத்துல இருக்கற மேடு பள்ளமாத்தான் தெரியும். டையில, அதாவது காசை அடிக்கற அச்சுல, விரிசல் விட்டா, அடிக்கும்போது உலோகம் அந்த விரிசலுக்குள்ள ஏறி, காசுல மேடான கோடா நிக்கும். அதுதான் டை கிராக். வெறும் கீறல்னா பள்ளமா இருக்கும். படத்துல இது ரெண்டையும் பிரிச்சுக் காட்டறது நிழல்தான். நேரா ஃப்ளாஷ் அடிச்சா நிழலே விழாது. ஃப்ளாஷை அணைங்க! டியூப் லைட்டுக்கு நேர் கீழயும் வேண்டாம். மேஜை விளக்கைத் தாழ்வா, காசுக்கு மேல் இடப்பக்கம், கடிகாரத்துல 10 மணி இருக்கற திசையில வைங்க. வெளிச்சம் படத்தோட கீழ்ப்பக்கத்துலேர்ந்து வந்தா மேடு பள்ளமாவும், பள்ளம் மேடாவும் கண்ணுக்குப் புரண்டு தெரியும். ஒரு படம் எடுத்ததும் போன், காசு ரெண்டையும் அசைக்காம விளக்கை மட்டும் வலப்பக்கம் மாத்தி இன்னொண்ணு எடுங்க. ஸ்டீல் காசு ரொம்பப் பளபளத்தா விளக்குக்கு முன்னாடி டிரேசிங் பேப்பரைப் பிடிங்க.

அடுத்த கொடுமை, லென்ஸைக் காசுல முட்டற அளவுக்குக் கொண்டுபோறது. அவ்வளவு கிட்டப் போனா பல போன்ல மெயின் கேமரா ஃபோகஸே ஆகாது. சில போன் சொல்லாமலே வைட் லென்ஸுக்குத் தாவிடும். வட்டமான காசு உப்பிக் கோணலாத் தெரியும், உடனே "ஷேப் எரர்"னு ஒரு கூச்சல். 20 செ.மீ. தள்ளி நின்னு 2 மடங்கு ஜூம்ல எடுத்து, அப்புறம் கிராப் பண்ணுங்க. கை நடுங்கும், அதனால ஒரே உயரத்துல ரெண்டு புத்தக அடுக்கு வெச்சு, லென்ஸ் இடைவெளியில வர்ற மாதிரி போனைப் படுக்கப் போடுங்க. காசு நேர் கீழ. திரையைத் தொட்டு அழுத்திப் பிடிச்சு ஃபோகஸைப் பூட்டுங்க, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்க, 3 விநாடி டைமர் போடுங்க. பிளாஸ்டிக் கவர்லேர்ந்து காசை வெளிய எடுக்கணும்னு தனியாச் சொல்லணுமா?

ரொட்டேஷன் எரர்னு, அதாவது ஒரு பக்கத்துக்கு மறுபக்கம் திரும்பி அச்சான காசுன்னு, வர்றதுலதான் ரத்தம் கொதிக்குது. நம்ம இன்றைய காசுகள்ல ரெண்டு பக்கமும் ஒரே திசையில நேரா நிக்கும். புத்தகத்துல பக்கம் புரட்டற மாதிரி இடமிருந்து வலமாத் திருப்பணும். மேலிருந்து கீழாத் திருப்பினா நல்ல காசுகூடத் தலைகீழாத்தான் தெரியும். அமெரிக்கக் காசு அமைப்பே அப்படித் தலைகீழ்தான். அவங்க வீடியோவைப் பார்த்து நம்ம காசைத் திருப்பாதீங்க. காசோட உச்சியையும் அடியையும் ரெண்டு விரலால பிடிச்சு, பக்கவாட்டுல சுத்தி, வெட்டு இல்லாம ஒரே வீடியோவா எடுங்க. தனித்தனியா எடுத்த ரெண்டு படம் இதுக்குச் சாட்சியே இல்ல.

வருஷத்தையும் அதுக்குக் கீழ இருக்கற, எந்த நாணயச்சாலையில அடிச்சதுன்னு சொல்ற குறியையும் தனியா ஒரு படம் எடுங்க. வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. குறியே இல்லைன்னா கொல்கத்தா, அது எரர் இல்ல! அந்தப் புள்ளி மங்கின படத்துல காணாமப் போயிடும். "ஒரு ரூபா சின்னதா இருக்கு"ன்னும் பதறாதீங்க. 2011 வரிசை 22 மி.மீ., 3.79 கிராம்; 2019 வரிசை 20 மி.மீ., 3.09 கிராம். வருஷம் தெரிஞ்சா கேள்வியே எழாது.

ஓரம் வெட்டுப்பட்ட காசா? 0.01 கிராம் காட்டற தராசுல எடையோட படம் வேணும். வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பையும் காட்டுங்க. நாணயச்சாலையிலயே வெட்டுப்பட்ட தகடுன்னா பெரும்பாலும் அந்த எதிர் விளிம்பு மழுங்கியிருக்கும். கட்டிங் பிளையரால வெட்டினதுல அது முழுசா இருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே முகம்னா விளிம்புக்கு உள்பக்கம் சுத்தி எடுங்க. ரெண்டு காசைக் கடைஞ்சு ஒண்ணா ஒட்டின போலியில இணைப்புக் கோடு அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

படம் பளிச்னு வரணும்னு புளி, சாம்பல், பேஸ்ட் போட்டுத் தேய்க்கறவங்களை மன்னிக்கவே முடியல. டை கிராக் நிஜமாவே இருந்தாலும் தேய்ச்ச காசைச் சேகரிப்பாளர் தொடமாட்டார். அச்சடிச்சப்போ வந்த மினுமினுப்பு ஒரு தடவை போனா திரும்பாது. தேய்க்க வேண்டியது லென்ஸை, மெல்லிய பருத்தித் துணியால.

கடைசியா, இத்தனையும் செஞ்ச படத்தை வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா அது சுருக்கி, நுணுக்கத்தை எல்லாம் அழிச்சிடும். டாக்குமென்டா அனுப்புங்க. ரெண்டு பக்கம், விளிம்பு, எடை, வருஷம், பிழை இருக்கற இடத்துக்கு ரெண்டு வெளிச்சத்துல ரெண்டு படம். இதெல்லாம் வந்த பிறகு விலை கேளுங்க.