அது ராம்ப் இல்ல, சறுக்குமரம்!

"ராம்ப் இருக்கு சார், தாராளமா வாங்க"ன்னு போன்ல சொன்னாங்க. நம்பிப் போனேன். மூணு படி, ஒண்ணரை அடி உயரம். அதை ஒட்டி அஞ்சடி நீளத்துல ஒரு சிமெண்ட் சரிவு, மேல பளபளன்னு டைல்ஸ். நாலு தூறல் விழுந்தா நடந்து வர்றவங்களே வழுக்கி விழுவாங்க. அதுல நான் வீல்சேர்ல ஏறணுமாம்!

இதென்ன கம்பசூத்திரமா? ஒரு அடி உயரத்துக்குக் குறைஞ்சது 12 அடி நீளம். பல நாட்டு விதிகள்லயும் இருக்கிற 1:12 கணக்கு இதுதான். ஒண்ணரை அடிக்கு 18 அடி வேணும். இருக்கிறதோ 5. நேரா இடம் இல்லையா, திருப்பி வளைச்சுக் கட்டுங்க. அதுக்கும் வழியில்லையா, லிஃப்ட் வைங்க. 1:12 இருந்தாலே கையால தள்ளி ஏறுறவங்களுக்கு மூச்சு வாங்கும். அதுதான் உச்ச வரம்பு, சொகுசு இல்ல.

பாதி ஏறியிருப்பேன், முன் சக்கரம் ரெண்டும் தரையை விட்டுக் கிளம்பிடுச்சு. அடிவயிறு ஜில்லுன்னு ஆயிடுச்சு. மல்லாக்க விழுந்தா முதல்ல அடிபடறது பின்மண்டை. செக்யூரிட்டி ஓடி வந்து, வண்டியில நான் கை வைக்கிற பக்கவாட்டுக் கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்கினாரு. அது கழட்டி மாட்டுற கைப்பிடி, அப்படியே அவர் கையோட வந்துடுச்சு! பாவம், அவரைச் சொல்லி என்ன பண்ண? வீல்சேரை எங்க பிடிக்கணும்னு அவருக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?

எப்படியோ மேல போனா, வெளிப்பக்கம் திறக்கிற கதவு. அதுக்கு முன்னாடி வண்டி நிக்கச் சமதளமே இல்ல. வண்டி நின்னு திரும்பவே அஞ்சடிக்கு அஞ்சடி வேணும். இங்க ஒரு கையால சக்கரத்தை இறுக்கிக்கிட்டு மறு கையால கதவை இழுக்கணும். இழுத்தா கதவு என்னையே கீழ தள்ளுது.

இறங்குறது அதைவிடக் கொடுமை. வேகத்தைக் குறைக்கச் சக்கரத்தோட ரிம்மைப் பிடிச்சுப் பிடிச்சு உள்ளங்கை எரியுது. பக்கவாட்டுல பிடிக்கக் கம்பி இல்ல, சக்கரம் ஓரம் தாண்டாம இருக்க ஒரு சின்னத் திட்டுகூட இல்ல. அடியில, ராம்ப் முடிஞ்சு தரை ஆரம்பிக்கிற இடத்துல ரெண்டு விரல்கடை பள்ளம். முன் சக்கரம் அதுல சிக்கினா வண்டி நின்னுடும், நான் நிக்க மாட்டேன்.

படிக்கட்டு எவ்வளவோ மேல். உன்னால முடியாதுன்னு பார்த்ததுமே தெரிஞ்சுடும், திரும்பிப் போயிடலாம். இது வா வான்னு கூப்பிட்டு நடுவுல கவுத்துவிடுது.

மேனேஜர்கிட்ட சொன்னா, "இதுவரைக்கும் யாருமே கம்ப்ளெயின்ட் பண்ணலையே சார்"ங்கறாரு. எப்படிப் பண்ணுவாங்க? உள்ள வந்தாத்தானே! இதைக் கட்டினவர் ஒரு நாள் என் வண்டியை வாங்கிக்கட்டும். உக்காந்து, தன் கையால தள்ளி, ஒரே ஒரு தடவை ஏறிக் காட்டட்டும். பின்னாடி யாரும் பிடிக்கக் கூடாது.